தேசப்பன் முடிச்சும் மலைக் கம்பெனியும்

அரசுப் பள்ளியில் ஒரு வாத்தியார் தொழில்நுட்ப வல்லுநர் ஆவதற்குப் படிப்பெல்லாம் தேவையில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் போதும். நான் அப்படித்தான் ஆனேன். ஒரு நாள் அலுவலக அறையில் பிரின்டர் முனகிவிட்டு நின்றுபோனது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் சுவிட்சை அணைத்துப் போட்டேன். ஓடியது. அன்று மாலையே தலைமையாசிரியை ஸ்டெல்லா மேடம் அறிவித்துவிட்டார்: “இனிமே ஹைடெக் பொறுப்பு குமரேசன் சாருக்கு.” (அலவன்ஸ் கிடையாது. திட்டு மட்டும் உண்டு.)

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நானும் அதை நம்பிவிட்டேன். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ், கழுத்தில் ஒரு சார்ஜர் ஒயர் என்று திரிய ஆரம்பித்தேன். ஆசிரியர் கூட்டங்களில் யாராவது கம்ப்யூட்டர் என்று சொன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் அந்த ஆளை இழுத்துப்போட்டு நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

எங்கள் பள்ளி எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு காதில் அலைச் சத்தம், இன்னொரு காதில் கன்டெய்னர் லாரி ஹாரன். நடுவில் நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறோம். இந்தப் பள்ளிக்குத்தான் அரசாங்கம் ஒரு பெரிய ஸ்மார்ட் போர்டு கொடுத்தது. சுவரில் பாதி அளவு. தொட்டால் எழுதும், தொட்டால் பாடும். குப்பமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் பாருங்கள், போர்டு வந்தது ஒரு திட்டத்தில். இன்டர்நெட் வருவது இன்னொரு திட்டத்தில். போர்டுக்குப் பணம் உண்டு, இன்டர்நெட்டுக்குப் பணம் உண்டு, நடுவில் ஒயர் தாங்க ஒரு கம்பம் நடுவதற்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் பணம் இல்லை. ஆகவே போர்டு வந்து, அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அது பல மாதம் சும்மா இருந்தது. ஸ்டெல்லா மேடம் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து தினமும் அதைத் துடைத்து, மேலே பூப்போட்ட திரைச்சீலை ஒன்றையும் போர்த்திவிட்டார். எந்தக் குழந்தையாவது விரல் வைத்தால், “தொடாதே! கறை படும்!” என்று ஓடி வருவார். தொடுவதற்கென்றே செய்த போர்டு அது.

கடைசியில் ஒரு வழியாக இன்டர்நெட் வந்தது. எதிர்ச் சாரியில் இருந்த கம்பத்திலிருந்து, ரோட்டுக்குக் குறுக்கே, எங்கள் காம்பவுண்டுக்கு ஒரு மெல்லிய கறுப்பு ஒயர். போட்டவர்கள் அவசரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அது நடுவில் தொங்கியது.

இங்கே என் மனைவி செல்வியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் இல்லாமல் இந்தக் கதை இல்லை. (அவளைக் கேட்டால் நான் இல்லாமலே இந்தக் கதை உண்டு என்பாள்.) செல்வி காசிமேட்டுக்காரி. பரம்பரையாக மீன் வியாபாரம். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, அங்கிருந்தபடியே போனில் குரூப் வீடியோ கால் போட்டு, மீனைத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவாள். விம்கோ நகர், திருவொற்றியூர் என்று வாடிக்கையாளர்கள் அவரவர் வீட்டில் பல் விளக்கிக்கொண்டே விலை கேட்பார்கள். அந்தக் குரூப்பை உண்டாக்கிக் கொடுத்தவன் நான். அதற்கு நான்தான் அட்மின். எங்கள் வீட்டில் எனக்கிருக்கும் ஒரே அதிகாரம் அது. குரூப்புக்குப் படமாக, ஒரு படகும் நீலக் கடலுமாக நானே தேடி எடுத்து வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஸ்டெல்லா மேடம் முகம் வெளுத்துப்போய் ஆசிரியர்கள் அறைக்கு வந்தார். ஸ்மார்ட் போர்டை உபயோகிக்காத பள்ளிகளிலிருந்து அதைக் கழற்றி வேறு பள்ளிகளுக்குத் தரப்போகிறார்களாம். நம் பள்ளி பெயர் அந்த வரிசையில் இருக்கிறதாம். புதன்கிழமை ஆய்வு அலுவலர் வருகிறார், அவர் கண்ணெதிரே இன்டர்நெட் வழியாக ஒரு நேரடி வகுப்பு நடக்க வேண்டும், நடக்காவிட்டால் வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“குமரேசன் சார், நீங்கதான் ஹைடெக்.”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. என்னோடு பயிற்சிக்கு வந்த ஓர் ஆசிரியை மலை மேல் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். அவருடைய பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மலையைப் பார்த்ததில்லை. மலைப் பாடம் நடத்தியபோது சங்கீதா என்ற பெண் எழுந்து கேட்டாள்: “சார், மலைன்னா கரி கொட்டி வெச்சிருப்பாங்களே, அத்த மாரி கீமா?” அவள் பார்த்த உயரமான பொருள் துறைமுகத்து நிலக்கரிக் குவியல்தான். அதற்கு மேல் அனல்மின் நிலையப் புகைபோக்கி. ஆகவே இரண்டு பள்ளியும் நேருக்கு நேர் பேசட்டும், இவர்கள் கடலைக் காட்டட்டும், அவர்கள் மலையைக் காட்டட்டும் என்று ஏற்பாடு செய்தேன்.

பிள்ளைகளிடம் சொன்னதுதான் தாமதம், வகுப்பே தலைகீழாகிவிட்டது. சங்கீதா தினமும் காலையில் வாசலில் நின்று, “சார், மலை இன்னிக்கா?” என்பாள். “புதன்கிழமை.” “பூடாதுல்ல சார்?” மலை எங்கே போகும்! ஆனால் அவள் கேட்கும் விதத்தில் எனக்கே பயமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை. எல்லாம் தயார். போர்டைப் போட்டுப் பார்த்தேன், இன்டர்நெட் பறந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே வலை பின்னிக்கொண்டிருந்த தேசப்பன் அண்ணன் கூப்பிட்டார். கடலில் நாற்பது வருஷம் போனவர். குப்பத்தில் எது அறுந்தாலும் அவர்தான் கட்டுவார்.

“இன்னா வாத்யாரே, ஒயரு தொங்கினு கீது? லாரிக்காரன் ஒரு நாளு இஸ்துகினு பூடுவான், பாத்துக்க.”

“கம்பெனியில சொல்லியிருக்கேண்ணே. வரேன்னு சொல்றாங்க.”

“அவுங்க எப்ப வர்றது? தோ, நாங்க கீறோம்ல. தூக்கிக் கட்டிடவா?”

நான் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. “கட்டிடுங்கண்ணே. நல்லா இறுக்கமாக் கட்டுங்க. புயலே வந்தாலும் அசையக்கூடாது” என்றேன்.

ஐயோ, அந்தக் கடைசி வரி!

தேசப்பன் அண்ணன் தன் ஆட்கள் இரண்டு பேரோடு ஏணி போட்டு ஏறினார். தொங்கிய ஒயரை இழுத்தார்கள். மிச்சமிருந்த நீளத்தை நாலாக மடக்கினார்கள். நைலான் கயிற்றைச் சுற்றினார்கள். ஒருவர் காலைக் காம்பவுண்டில் உதைத்துக்கொண்டு “ஏலேலோ” போடாத குறையாக இழுத்து, முடிச்சை இறுக்கினார்கள். தேசப்பன் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“நங்கூரக் கவுத்துக்குப் போட்ற முடிச்சு வாத்யாரே. கப்பலே இஸ்தாலும் வராது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் கட்டிப்பிடித்தேன். முடிச்சைப் படம் எடுத்து, ‘மக்கள் பங்களிப்பு’ என்று தலைப்பிட்டு ஆசிரியர் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடி உள்ளே போய் இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஹைடெக் ஆள் இல்லையா!

புதன்கிழமை காலை. செல்வி கிளம்பும்போது ஏதோ சொன்னாள். காத்து மாறிக் கீது, போட்டு லேட்டாத்தான் வரும், ஏலம் இன்னிக்கு காலைல இல்ல என்கிற மாதிரி ஏதோ. நான் கண்ணாடி முன்னால் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். “ம், ம்” என்றேன். அவள், “இன்னா ‘ம்’? நான் சொல்றது காதுல வுயுதா?” என்றாள். அதற்கும் “ம்” என்றேன்.

பள்ளிக்குப் போய் மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. என் பிரசித்தி பெற்ற வைத்தியத்தைச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். சிவப்பு. இன்னொரு தபா. சிவப்பு. இன்டர்நெட் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு, முடிச்சின் படத்தையும் அனுப்பினேன்.

“சார்... இத்த யாரு சார் இப்டி கட்னது?”

“மக்கள் பங்களிப்பு.”

“சார், உள்ள கம்பி இல்ல சார், கண்ணாடி நூலு. அதுல வெளிச்சம் போவணும். நாலா மடக்கி இந்த இறுக்கு இறுக்கினா வெளிச்சம் எங்க சார் போவும்? புது ஒயர்தான் இழுக்கணும். நாளைக்கு வரேன்.”

நாளைக்கு! ஆய்வு அலுவலர் இன்னும் ஒரு மணி நேரத்தில் வருகிறார். வெளியே ஓடி, “அண்ணே, அவிழ்த்துடுங்கண்ணே!” என்று கத்தினேன். தேசப்பன் அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவுக்குறதா? அவுக்குறதுக்கா வாத்யாரே போட்டோம்?”

வேறு வழியில்லை. என் போனை ஒரு ஒயர் போட்டு ஸ்மார்ட் போர்டோடு இணைத்தேன். போனில் என்ன தெரிகிறதோ அது போர்டில் பெரிதாகத் தெரியும். மலைப்பள்ளி ஆசிரியையை என் போனுக்கே பதினோரு மணிக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். அலுவலருக்கு என்ன தெரியப்போகிறது? திரையில் மலை தெரிந்தால் சரி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அலுவலர் வந்தார். ஒல்லியாக, சிரிக்கத் தெரியாதவர் மாதிரி ஒரு மனிதர். ஸ்டெல்லா மேடம் சால்வை போட்டார், அவர் அதை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, “ஆரம்பிங்க” என்றார். ஐந்தாம் வகுப்பு முழுக்க சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. சன்னல்களில் குப்பத்து அம்மாமார்கள். முன்வரிசைச் சன்னலில் சங்கீதாவின் அம்மா கன்னியம்மா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்திருந்தார்.

பதினோரு மணி ஆவதற்குள்ளேயே போன் அடித்தது. போர்டு முழுக்க நீலக் கடலும் படகும் எழுந்தன.

அலுவலர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட, பாடத்துக்கு ஏத்த படம். நேரத்துக்கு வந்துட்டாங்களே. எடுங்க.”

நான் தேடி எடுத்து வைத்த அதே படகு. “சார், இது... இது வேற...”

“எடுங்க சார், எடுங்க!” என்று ஸ்டெல்லா மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, என் கையிலிருந்த போனில் பச்சைப் பொத்தானைத் தானே தள்ளிவிட்டார்.

அரசாங்கம் கொடுத்த அந்தப் பெரிய போர்டில், சுவரின் பாதி அளவுக்கு, என் மனைவி தோன்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தையை ஏந்துகிற மாதிரி ஒரு வஞ்சரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு.

“வந்துச்சு பாரு வஞ்சரம்! இப்பதான் போட்லருந்து எறங்கிச்சு! யாருக்கு வோணும்? கேளு, கேளு, கேளு!”

நான் பிளக்கைத் தேடினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அது தேவைப்பட்டபோது அது பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

சன்னலிலிருந்து கன்னியம்மாவின் குரல் கேட்டது. “ஏமாத்தாத! ஐஸ்ல வெச்ச மீனு அது!”

போர்டுக்கு மைக்கும் உண்டு ஸ்பீக்கரும் உண்டு. தரமான சாமான். செல்விக்கு அது தெளிவாகக் கேட்டது.

“எவடி அது? ஐஸ் மீனா? என் மீனையா சொல்ற? கண்ணத் தொறந்து பாரு!” என்றவள் மீனின் செவுளைப் பிளந்து கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். வகுப்பறைச் சுவர் முழுக்க ஒரே செவுள். பிள்ளைகள் “ஓ...” என்றன. “செல்வி, கட் பண்ணு!” என்று அலறினேன்.

“யாரு, வாத்யாரா? நீ இன்னா நடுவுல? பத்து பேரு லைன்ல கீறாங்க, நான் எப்டி கட் பண்றது? குந்து அப்டியே!”

ஐந்தாம் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் குந்தவில்லை. ஆனால் குந்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்க முடியாது.

அலுவலர் எழுந்தார். அவ்வளவுதான், வண்டியைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போர்டுக்குக் கிட்டே போய், செவுளை நன்றாகப் பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பினார்.

“இல்லம்மா. பச்சை மீன்தான். நானும் கடற்கரைக்காரன்.”

சிரிப்பு வெடித்தது பாருங்கள்! கன்னியம்மாவே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி, “அப்டி சொல்லு அண்ணாத்த! யாருய்யா அந்த ஞாயஸ்தன்?” என்று கேட்டாள். ஸ்டெல்லா மேடம் மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலுவலர் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து, “சரி, மலைப்பள்ளி எங்கே?” என்றார்.

மலைப்பள்ளி ஆசிரியை அந்த நேரம் முழுக்க எனக்கு முயற்சி செய்து அலுத்திருந்தார். செல்வி லைனை விடமாட்டேன் என்கிறாள். சரி, அட்மின் அதிகாரத்தை ஒரு தடவையாவது உபயோகிப்போம் என்று மலைப்பள்ளியையும் அதே காலில் சேர்த்தேன். விலை கேட்க வந்த வாடிக்கையாளர்கள் பயந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போர்டில் ஒரு பாதி செல்வி. மறு பாதியில் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள், வாயைப் பிளந்துகொண்டு.

“அம்மா, அது என்ன மீனு?” என்று அங்கிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

செல்விக்குக் குழந்தைகள் என்றால் உயிர். குரலே மாறிவிட்டது. “இதாடா கண்ணு? இது வஞ்சரம். இது கெளங்கா. இது சங்கரா, பாரு எப்டி செவப்பா கீதுன்னு.”

“அது என்ன சாப்பிடும்?” என்று ஆசிரியை கேட்டார்.

செல்வி கொஞ்சம் யோசித்தாள். “அத்த நாமதாம்மா துன்றோம். அது இன்னா துன்னா நமக்கு இன்னா?”

கூடையைக் கவிழ்த்தாள். ஒரு நண்டு எழுந்து அவள் காலை நோக்கி ஓடியது. செல்வி குதித்தாள், கேமரா ஆடியது, வானம் தெரிந்தது, படகு தெரிந்தது, பின்னால் கடல் தெரிந்தது. அசல் கடல், வெயிலில் மினுங்கிக்கொண்டு. மலைப்பிள்ளைகள் ஒரு கூச்சல் போட்டார்கள் பாருங்கள், ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். நான் பவர்பாயின்டில் இருபது பக்கம் தயாரித்து வைத்திருந்த கடல் அது. (அந்த இருபது பக்கம் இன்னும் என் பென் டிரைவில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.)

“இப்போ எங்க மலையப் பாருங்க” என்று அந்த ஆசிரியை போனைத் தூக்கிக்கொண்டு சன்னலை நோக்கி நடந்தார். எங்கள் பிள்ளைகள் முட்டி போட்டு எழும்பின. சங்கீதா மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. போர்டில் சன்னல் கம்பி தெரிந்தது. அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம்...

நின்றுவிட்டது. எல்லாமே நின்றுவிட்டது. ஒரு பாதியில் சன்னல் கம்பி. மறு பாதியில் வாயை ஆவென்று திறந்தபடி, நண்டுக்குத் தப்பிக் குதித்த நிலையில் செல்வி. போனின் ஓரத்தில் செய்தி வந்தது: இன்றைய டேட்டா தீர்ந்தது.

“சார், மலை?” என்றாள் சங்கீதா.

“நெட் தீந்துபோச்சும்மா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரைக்கும் மானம் போனதே என்றுதான் எனக்கு உறுத்தல். அந்த முகத்தைப் பார்த்ததும் மானமாவது மண்ணாங்கட்டியாவது என்றாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கையில் ஒரு போன். திரையில் நாலு விரிசல்.

“இந்தா சார்,” என்றார் கன்னியம்மா. “என் நெட்ட எட்துக்க. பாக்கி கீது.”

அவ்வளவுதான், எல்லாச் சன்னலிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. “என்னுத எட்துக்க சார், நான் இன்னும் தொறக்கவே இல்ல.” “என்னுது கொஞ்சம்தான் கீது, சாய்ங்காலம் சீரியலுக்கு வெச்சிருந்தேன். போவுது, எட்துக்க.” எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டார்கள். என் போனில் பெயர்கள் வரிசையாக எழுந்தன. பாஸ்வேர்டைக் கேட்டால் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ஒரு அம்மா மட்டும் மாமியார் பக்கத்தில் நிற்பதால் சத்தமாகச் சொல்ல முடியாது என்று என்னை சன்னலண்டை கூப்பிட்டுக் காதில் சொன்னார். (அந்தப் பாஸ்வேர்டை நான் இன்று வரை செல்வியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் குப்பம் இரண்டாகும்.)

கன்னியம்மாவின் நெட்டில் மலைப்பள்ளி மறுபடி வந்தது. ஆசிரியை போனை சன்னலுக்கு வெளியே நீட்டினார்.

பச்சையாக ஒரு மலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதன் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக, மெதுவாக, எதுவோ நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. ரோட்டில் லாரி ஹாரன்கூட அந்த நேரம் அடங்கியிருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம்.

சங்கீதா மெல்ல எழுந்தாள். “அது இன்னா கம்பெனி பொகை?”

அந்தப் பக்கம் அவள் வயசுப் பெண் ஒருத்தி சிரித்தாள். “கம்பெனி இல்லையே. அது மேகம்.”

“மேகமா... மேகம் தரையில கீமா?”

“எங்க ஊர்ல வரும். வீட்டுக்குள்ளகூட வரும். பாரு” என்று அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி வைத்திருந்துவிட்டு, உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டினாள். ஈரம் பளபளத்தது.

சங்கீதா நேராக நடந்து போர்டுக்கு வந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை வந்தது. அப்புறம் வகுப்பே வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மலையைத் தொட்டு, மேகத்தைத் தொட்டு, எட்டாதவர்கள் எட்டியவர்களின் முதுகைத் தொட்டு. நான் ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தேன். கையில் மஞ்சள் துணி அப்படியே இருந்தது. அவர் அசையவில்லை. கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

கன்னியம்மாவின் நெட் தீர்ந்ததும் அடுத்த அம்மாவின் நெட். அது தீர்ந்ததும் அடுத்தது. இப்படியே மணி அடிக்கும் வரை போனது. செல்வியும் நடுவில் வந்து, “மலைக்கெல்லாம் டெலிவரி இல்லம்மா, நீங்கதான் கீய எறங்கி வரணும்” என்று மலைப்பள்ளிக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது அலுவலர் என்னைத் தனியாக அழைத்தார். “உங்க ஒயர் வேலை செய்யலை, இல்லையா?”

ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது? முடிச்சைக் காட்டினேன். அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“நங்கூர முடிச்சு. நல்லா போட்டிருக்கார்” என்றார். அப்புறம், “இன்டர்நெட் எப்படி வந்ததுன்னு கேட்டா, மக்கள் பங்களிப்புன்னு எழுதிக்கறேன். போர்டு இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு ஒரு கம்பம்தான் வேணும், அதுக்கு நான் பேசறேன்” என்றார். ஜீப்பில் ஏறியவர் தலையை நீட்டி, “அந்த வஞ்சரம் போயிடுச்சா?” என்று கேட்டார். போயிருக்கவில்லை.

கம்பம் வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் வந்தது. புது ஒயர் கம்பீரமாக உயரே போகிறது. பழைய ஒயரை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டார்கள், முடிச்சை மட்டும் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அது இன்னும் எங்கள் காம்பவுண்டில் இருக்கிறது. வருகிற ஒவ்வொரு டெக்னீஷியனிடமும் தேசப்பன் அண்ணன் வந்து பெருமையாகக் காட்டுகிறார். போர்டுக்குப் போர்த்தியிருந்த பூப்போட்ட திரைச்சீலை ஸ்டெல்லா மேடம் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. பள்ளியில் எனக்கு ‘ஏலம் சார்’ என்று பெயர். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைக்குக்கூட அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. செல்வியோ, “கவர்மென்ட் போர்டுல நான் வந்தேன், நீ வந்தியா?” என்று இன்று வரை கேட்கிறாள். வீட்டில் நெட் நின்றால் நான் பிளக்கைத் தேடுவதற்குள், “இரு, தேசப்பண்ணன கூப்டு, ஒரு முடிச்சு போடட்டும்” என்பாள்.

சங்கீதா இப்போது பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று மேகத்தைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டது. மணலிப் பக்கம் வானம் கறுத்தால் இன்றும் எங்கள் வீட்டில் யாரும் மழை வருகிறது என்று சொல்வதில்லை. செல்வி மாடியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“யோவ் வாத்யாரே! மலைக் கம்பெனில ஷிப்ட் ஆரம்பிச்சிட்டான். துணிய எடு!”